தாயார் கதவைத் திறக்கவில்லை

பெருமாளே நேரில் துப்பறியக் கிளம்பிவிட்டார், இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று நான் கேட்டேன். சத்தியநாதன் சார் தொன்னையிலிருந்த புளியோதரையில் வேர்க்கடலை தேடிக்கொண்டிருந்தார்.

தாம்பரம் மேற்கில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் இருக்கிற சாரின் துப்பறியும் ஆபீசில் நான் உதவியாளர். பெயர் கன்னியம்மா. டைப் அடிப்பது, டீ வாங்குவது, சார் யோசிக்கிறபோது வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகியவை என் வேலை. மூன்றாவது மட்டும் இன்னும் எனக்குக் கைவரவில்லை.

நாங்கள் நின்றது நல்லேரிமங்கலம் கரியமாணிக்கப் பெருமாள் கோயில் வாசலில். பல்லாவரத்துக்குக் கிழக்கே, மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஊர். நாலு மாட வீதி, ஒரு குளம், வருஷம் முழுக்க ஏதாவது ஓர் உற்சவம். இதை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் தங்களைக் காஞ்சிபுரத்துக்குச் சம்பந்தி என்று பீற்றிக்கொள்வார்கள். அன்று சித்திரைத் திருவிழாவில் போர்வை களைதல். பெருமாள் மூக்கு வரைக்கும் போர்வை போர்த்திக்கொண்டு, பல்லக்கில் வீதி வீதியாகப் போய்க்கொண்டிருந்தார்.

சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அதனால் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் பெருமாள் வேட்டைக்குப் போவார். போன இடத்தில் மோதிரத்தைத் தொலைத்துவிடுவார். மறுநாள் காலையில், யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று போர்வைக்குள் புகுந்துகொண்டு ஊரெல்லாம் தேடுவார். திரும்பி வந்தால் தாயார் சன்னதிக் கதவு சாத்தியிருக்கும். ராத்திரி எங்கே போனீர் என்று தாயார் கேட்பாள். மோதிரத்தைத் தேடினேன் என்பார் பெருமாள். அவள் நம்பமாட்டாள். பெருமாளுக்காக ஒருவர் வெளியே நின்று கெஞ்ச, தாயாருக்காக அர்ச்சகர் உள்ளே இருந்து ஏச, பூவும் வெண்ணெயும் வாழை மட்டையும் பல்லக்கின் மேல் பறக்கும். கடைசியில் மோதிரத்தைக் காட்டினால் கதவு திறக்கும்.

"ஆக, மோதிரம்தான் பெருமாளுக்கு அலிபி" என்றார் சார்.

அந்த அலிபிதான் காணாமல் போயிருந்தது. தொலைந்ததாக நடிக்க வேண்டிய மோதிரம் நிஜமாகவே தொலைந்துவிட்டது.

எங்களை அழைத்தவர் அப்பாதுரை. ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். மோதிரத்தைச் சாயங்காலம் ஒளித்து வைப்பதும், காலையில் எடுத்துக் கொடுப்பதும், கதவுக்கு முன்னால் பெருமாளுக்காகப் பேசுவதும் பரம்பரை பரம்பரையாக அவர் வீட்டு உரிமை. ஊரே அவரைக் கணையாழிக்காரர் என்றுதான் கூப்பிடும். காலையில் எடுக்கப் போனால் வைத்த இடத்தில் மோதிரம் இல்லை. தர்மகர்த்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பல்லக்கு நாலு வீதியும் சுற்றி உச்சி வேளையில் தாயார் சன்னதிக்கு வரும்போது மோதிரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷத்திலிருந்து அந்த உரிமை பங்காளி ஜெயவேலுவுக்கு.

அப்பாதுரையின் நாமம் வியர்வையில் கரைந்து மூக்கு நுனிவரை வந்திருந்தது. மேல்துண்டால் துடைத்தபடி சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடை போனா போவட்டும் சார். அந்தக் கதவாண்ட நின்னு பேசறது போச்சுன்னா, அப்புறம் நான் இந்த ஊர்ல எதுக்கு கீறேன்?"

அந்தக் குரலைக் கேட்டு எனக்கே பாவமாகப் போய்விட்டது. கிண்டல் ஒன்று நாக்கு நுனிவரை வந்திருந்தது, விழுங்கிவிட்டேன்.

ஒளித்து வைத்த இடத்தைக் காட்டச் சொன்னார் சார். வாகன மண்டபத்தில் குதிரை வாகனத்துக்கும் அனுமார் வாகனத்துக்கும் நடுவில், ஆணியில் ஒரு பழைய டார்ச் லைட் தொங்கியது. பேட்டரி இல்லாத டார்ச். அதற்குள்தான் மோதிரத்தைப் போட்டு மூடியிருக்கிறார். போன வருஷம் குதிரையின் காதுக்குப் பின்னால், அதற்கு முந்தின வருஷம் எண்ணெய்க் குடத்துக்கு அடியில். வருஷா வருஷம் இடத்தை மாற்றுவாராம். இந்த வருஷம் டார்ச் என்று பெண்டு பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லையாம்.

சார் டார்ச்சின் மூடியைத் திருகித் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு துண்டு வாழை மட்டை விழுந்தது. பேட்டரிக் கட்டையின் நீளம், அதே பருமன். இரண்டு முனையும் நேராக நறுக்கி, பழுப்பேறியிருந்தது.

"கேலி பண்றான் சார், ஜெயவேலு" என்று அப்பாதுரை பல்லைக் கடித்தார்.

ஜெயவேலுவைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பல்லக்கின் முன்கொம்பில் தோள் கொடுத்துக்கொண்டு, கிழக்கு மாட வீதியில் வந்துகொண்டிருந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. கிட்டப் போனால், அடுத்த வருஷம் பேச வேண்டிய பெருமாள் வசனத்தை இப்போதே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பல்லக்கோடு சேர்த்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது. ஆனால் மனிதர் மழுப்பவில்லை. உரிமைக்கு ஆசை உண்டு என்று ஒத்துக்கொண்டார். அதற்காகப் பெருமாள் மோதிரத்தில் கை வைத்தால் அடுத்த வருஷம் எந்த மோதிரத்தை நான் காட்டுவது என்று திருப்பிக் கேட்டார். பல்லக்கு நகர்ந்துவிட்டது.

சார் அந்த மட்டைத் துண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"கன்னியம்மா, இது அரிவாள்மணையில் அரிஞ்சது. ஒரே வெட்டு. அதுவும் வீட்டிலேயே, டார்ச்சுக்கு அளவா அரிஞ்சு எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. இங்கே வந்து தேடிக் கண்டுபிடிச்சவங்க இல்லை. வரும்போதே டார்ச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தவங்க."

"அவர்தான் யார்கிட்டயும் சொல்லலைங்கிறாரே, சார்."

"அப்போ அந்த ஆளுக்கு இடம் தெரியாது. அப்பாதுரையைத் தெரியும்."

அப்பாதுரையின் வீடு தெற்கு மாட வீதியில். உள்ளே போனதும் தெரிந்துவிட்டது, பெண்கள் புழங்கி மாதக்கணக்காகிறது. கொடியில் ஈர வேட்டி, அடுப்பு மேடையில் பால் பொங்கி வழிந்து காய்ந்த கறை. மனைவி சாவித்ரி அனகாபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார். எப்போது போனாள் என்று நான் கேட்டதற்கு, பொங்கலுக்கு என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இது சித்திரை. பிறகு அவரே காபி போட்டுக் கொடுத்தார். அந்தக் காபியைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஷோகேசில் ஒரு கேரம் போர்டு கோப்பை இருந்தது. கெலித்த கோப்பையை எவனும் பேர் தெரியும்படிதான் வைப்பான். இது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சார் அதைப் பற்றிக் கேட்டபோது, அது சும்மா என்று சொல்லிவிட்டு அப்பாதுரை கழுவின டம்ளரையே மறுபடி கழுவினார்.

அப்போது கரண்ட் போயிற்று. பூஜை அறையைப் பார்க்க வேண்டும் என்று சார் எழுந்தவர், அலமாரி மேலிருந்த டார்ச்சை எடுத்து அழுத்தினார். எரியவில்லை. ஆட்டினார். உள்ளே ஏதோ மெத்தென்று அசைந்தது. மூடியைத் திருகினால் பேட்டரி இல்லை, நாலு சிகரெட் இருந்தது.

"வீட்டில்தான் யாருமே இல்லையே. யாருக்குப் பயந்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார் சார்.

அப்பாதுரை அசடு வழிந்தார். பழக்கமாம். கல்யாணமான புதிதில் ஆரம்பித்ததாம். சாவித்ரிக்குச் சிகரெட் வாசனையே ஆகாதாம். அவளுக்குச் சத்தியமாக இது தெரியாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஒன்பது வருஷமாக எரியாத டார்ச் ஒன்று அலமாரி மேல் இருக்கிறது, அது ஏன் எரியவில்லை என்று பெண்டாட்டி ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டாள் என்று ஒரு மனிதன் நம்புகிறான். நான் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சார் ஏற்கனவே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறோம் என்று அப்பாதுரையிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தை ரோட்டையே அடைத்துக்கொண்டிருந்தது. பழைய சைக்கிள் டயர், புறாக்கூண்டு, கால் உடைந்த நாற்காலி, எல்லாவற்றுக்கும் நடுவே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனோம். சாருக்கு ஒரு பழைய பூதக்கண்ணாடியில் கண் போயிற்று. பெருமாள் இந்நேரம் மேற்கு வீதிக்கு வந்திருப்பார் என்று நான் அதட்டியதும் கீழே வைத்துவிட்டார்.

அனகாபுத்தூர்ச் சந்துகளில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விசாரித்துக்கொண்டு போய் நின்ற வாசலில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கண்ணுக்கு மை. காலை வேளையில் யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிற கோலம். எங்களைப் பார்த்ததும் எங்களுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். பின்னால் ஓர் ஆடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

சார் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மட்டைத் துண்டை எடுத்து நீட்டினார்.

"அவர் அனுப்சாரா, நீங்களா வந்தீங்களா?" என்றாள் சாவித்ரி.

நாங்களாக வந்தோம் என்று சார் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"டார்ச்சுக்குள்ள மட்டையை வெச்சிருக்கேன். சின்னக் கொழந்தைக்குக்கூடப் புரியும், யாரு வெச்சாங்கன்னு. ஓடி வருவாருன்னு பூ வெச்சிகினு குந்திகினு கீறேன். இந்த ஆளு போய் டிடெக்டிவ் வெச்சிருக்காரு."

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அப்பாதுரை தாமதமாக வந்தால் ஒரே காரணம்தான். சாவி தொலைந்தது, தேடினேன். பர்ஸ் தொலைந்தது, தேடினேன். பெருமாளின் வசனத்தைப் பேசிப் பேசி, வீட்டிலும் அதையே பேசுகிற ஆள். அதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் பொறுத்தாள். மார்கழியில் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். காலையில் வருகிறேன் என்றவர் வரவில்லை. மயக்க ஊசி போடுகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாளாம். சாயங்காலம் வந்தார். வாட்ச் தொலைந்துவிட்டது, தேடினேன் என்றார். பையில் கேரம் கோப்பை இருந்தது.

அந்தக் காபியைப் பற்றி வாய் திறக்காமல் விட வைத்த இரக்கமும் எனக்கு இப்போது போய்விட்டது.

பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவரும் ஒரு நாள்கூட அழைக்க வரவில்லை. ஊரில் கேட்டவர்களிடம், வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். என்னைத் தேடித்தான் வரமாட்டார், மோதிரத்தைத் தேடியாவது வருவாரே என்றுதான் எடுத்தேன் என்றாள் சாவித்ரி. எங்கே வைத்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குதிரைக் காது, எண்ணெய்க் குடம் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மண்டபத்தில் மிச்சமிருந்தது அந்த டார்ச் ஒன்றுதான், அவருக்கு வேறு யோசனை வராது. நேற்று வேட்டைக் கூட்டத்தில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து காரியத்தை முடித்திருக்கிறாள்.

நேரமாகிறது, மோதிரத்தைக் கொடுங்கள் என்றார் சார்.

"என்னாண்ட இல்லியே" என்றாள். "பெருமாள் நகையை வூட்டுல வெச்சிக்க முடியுமா? வெடிகாலையிலயே அர்ச்சகர்கிட்ட குடுத்துட்டேன். தாயார் விரல்ல கீது."

நான் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். மோதிரம் சாத்திய கதவுக்கு உள்ளே இருக்கிறது. மோதிரத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். ஊரெல்லாம் போர்வையோடு தேடுகிற பெருமாளுக்கும் தெரியாது, பின்னாலேயே ஓடுகிற அப்பாதுரைக்கும் தெரியாது. தாயார் மட்டும் விரலில் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

அர்ச்சகர் யக்ஞநாராயணன் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்று சார் கேட்டார். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம். தாயாருக்காக வருஷா வருஷம் வாதாடி, வருஷா வருஷம் மோதிரத்தைக் கண்டதும் தோற்றுப்போகிறவர் அவர். ஒரு வருஷமாவது பிராட்டி ஜெயிக்கட்டுமே என்றாராம்.

சார் கொஞ்ச நேரம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று அவர் யோசிக்கும்போது நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, திருவிழாவில் தாயார் பக்கத்துப் பெண்கள் எங்கே இருப்பாங்க?"

"கதவு சாத்தறதுக்கு மின்னயே உள்ள போய் குந்திக்குவோம். அப்புறம் போவணும்னா மடப்பள்ளி வழியா ஒரு சின்ன வாசல் கீது."

"வண்டியில் ஏறுங்க" என்றார் சார்.

ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர். ஸ்டெப்னிமேல் நான் பாதி, காற்றில் பாதி. பல்லாவரத்தில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். பட்டுப்புடவையையும் பூவையும் பார்த்துவிட்டு, ஏதோ முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவரே முடிவு செய்து வழிவிட்டார்.

கோயிலுக்குள் நுழையும்போது பல்லக்கு தாயார் சன்னதி முன்னால் இறங்கியிருந்தது. கதவு சாத்தியாயிற்று. சாவித்ரி மடப்பள்ளிப் பக்கம் மறைந்தாள். சார் கொடிமரத்தின் அருகிலேயே நின்றுகொண்டார். அப்பாதுரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். மோதிரம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் இப்போது கைக்கு வராது, போய்ப் பேசுங்கள் என்றார் சார். அப்பாதுரை எங்களை என்ன திட்டினார் என்பதை அச்சில் போட முடியாது.

உள்ளேயிருந்து யக்ஞநாராயணன் குரல் கணீரென்று வந்தது. இரவெல்லாம் தேவரீர் எங்கே எழுந்தருளியிருந்தீர் என்று கேட்டார். வேட்டைக்குப் போன இடத்தில் கணையாழி நழுவிவிட்டது, தேடி அலைந்தோம் என்றார் அப்பாதுரை. கண்ணில் தூக்கமில்லை, கலைந்த பூவில் வேறு வாசனை என்று அர்ச்சகர் குற்றங்களை அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சிரித்தது. பூப்பந்து பறந்தது, வெண்ணெய் உருண்டை ஒன்று தர்மகர்த்தாவின் வழுக்கையில் விழுந்தது. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"கணையாழி கிடைத்ததா?"

அப்பாதுரை வெறுங்கையைப் பிசைந்தார். தர்மகர்த்தா ஜெயவேலுவைத் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அப்பாதுரை சத்தியங்களுக்குத் தாவினார். நெருப்பில் இறங்குகிறோம், பாம்புக் குடத்தில் கை விடுகிறோம், எங்கள் வார்த்தையை நம்ப வேண்டும். குரல் உடைந்து உடைந்து வந்தது.

கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் குறுக்கிட்டது.

"அது பெருமாள் சொல்றது. நீங்க சொல்லுங்க."

மேளக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார். ஊர் முழுக்கத் தெரிந்த குரல்தான் அது. அப்பாதுரை கதவின் பக்கத்தில் போய், நெற்றி படுகிற அளவுக்கு நெருங்கி நின்றார்.

"மோதிரம் என்னாண்ட இல்ல" என்றார். "அன்னிக்கும் எதுவும் தொலையல. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன். உள்ள வர பயமா இருந்துச்சு. உனுக்கு எதுனா ஆயிடும்னு கை காலெல்லாம் ஒதற ஆரம்பிச்சிச்சு. அப்டியே திரும்பிப் போய் கேரம் ஆடினேன். கெலிச்சிட்டேன். கெலிச்சதுக்கு அப்புறம் எந்த மூஞ்சோட வந்து சொல்றது? வாட்ச் தொலஞ்சிச்சுன்னேன். வாட்ச் கையிலதான் கட்டிகினு இருந்தேன்."

"பாத்தேன்" என்றது உள்ளேயிருந்த குரல்.

அப்பாதுரை குழந்தை மாதிரி தேம்பி அழுதார். சிமென்ட் கடைக்காரர், ஊர்ப் பெரிய மனிதர், அத்தனை பேர் முன்னால். கதவின் தாழ் விலகியது.

இரண்டு கதவும் திறக்க, தீபாராதனை வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது தாயாரின் விரலில் இருந்த மோதிரம்தான். கூட்டம் கோவிந்தா போட்டது. தாயாரே மோதிரத்தைக் கண்டெடுத்து வைத்திருக்கிறாள் என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொள்ள, அது கோயில் முழுக்கப் பரவிவிட்டது. சார் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. தர்மகர்த்தா தலை வெண்ணெயைத் துடைத்துக்கொண்டே, பெருமாளுக்காக இப்படி ஒருத்தன் பேசி என் ஆயுசில் கேட்டதில்லை என்றார். ஜெயவேலு, மனப்பாடம் செய்த வசனத்துக்கு இனி வேலையில்லை என்று புரிந்துகொண்டு, பல்லக்குக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டார். யக்ஞநாராயணன் மட்டும் வாசலில் நின்று, இந்த வருஷம் ஜெயித்தது நாங்கள்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெருமாள் உள்ளே எழுந்தருளினார். உள்ளேயிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக சாவித்ரி. அப்பாதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"வூட்டுக்குப் போலாமா?"

சாவித்ரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். நாமம் கரைந்த முகம், சட்டையெல்லாம் பூவிதழ். அவள் உதட்டோரம் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அதை அவள் துடைக்கவில்லை.

"இன்னிக்குப் பெருமாளுக்குத்தான் கதவு தொறந்துச்சு" என்றாள். "உங்களுக்கு அனகாபுத்தூர்ல. நாளைக்கு வந்து தட்டுங்க. மட்டை எடுத்து வெச்சிருக்கேன்."